அக்கவுன்ட்டில் பணம் போச்சு, சலான் அப்படியே நிக்குது: வேக அபராதம் கட்டும்போது சிக்கல் வந்தால் என்ன செய்யலாம்?

பெங்களூருவிலிருந்து ஊட்டிக்கோ கூடலூருக்கோ காரில் போய்ப் பழகியவர்களுக்கு அந்த ஒன்பது மணிக் கணக்கு நன்றாகத் தெரியும். குண்டலுபேட்டையைத் தாண்டினால் பந்திப்பூர் காடு. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தச் சாலைகளில் பொது வாகனப் போக்குவரத்துக்குத் தடை. 2009-ல் தொடங்கிய இந்தத் தடை, ஊட்டிப் பக்கம் போகும் சாலைக்கும் சுல்தான் பத்தேரி போகும் சாலைக்கும் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை மதியம் மீட்டிங் இழுத்துவிட்டது. கிளம்பும்போதே நாலரை. மைசூரு வரும்போதே இருட்டிவிட்டது. "கேட் மூடறதுக்குள்ள போயிடலாம்" என்று மிதிக்கிறீர்கள். போயும் சேர்ந்துவிடுகிறீர்கள். வேலை நாள் தொடங்கியதும் போனில் ஒரு எஸ்எம்எஸ்: அதிவேகம், 1,000 ரூபாய் அபராதம்.

சரி, தப்பு நம்முடையதுதான், கட்டிவிடலாம் என்று யுபிஐ-யில் கட்டுகிறீர்கள். வங்கியிலிருந்து பணம் எடுத்த தகவல் வருகிறது. ஆனால் சலான் பக்கத்தில் இன்னும் 'நிலுவை' என்றே இருக்கிறது. இப்போ என்ன பண்றது? இன்னொரு தடவை கட்டுவதா, காத்திருப்பதா, யாரிடம் கேட்பது?

முதலில், இந்த அபராதம் எங்கிருந்து வருகிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவு வேக வரம்பைப் பற்றியது. அதை மீறினால் 183-வது பிரிவின்படி அபராதம். 2019 செப்டம்பர் 1 முதல் அமலான திருத்தத்தின்படி, கார் போன்ற இலகு ரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. இரண்டாவது முறையும் சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

கேமரா மூலம் அபராதம் போடுவதற்கான அடிப்படை, அதே திருத்தத்தில் வந்த 136ஏ பிரிவு. அதை நடைமுறைப்படுத்த 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. கேமராவுக்கு ஒப்புதல் சான்று வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்க வேண்டும், மீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நம்பர் பிளேட் தெரியும் படமும் நேரமும் இடமும் அளந்த வேகமும் அதில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அந்த விதி சொல்கிறது. சலானை எதிர்க்க வேண்டி வந்தால் இந்த விவரங்கள்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கர்நாடகத்தில் இந்தக் கண்காணிப்பு தீவிரமானது பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலை திறந்த பிறகு. சுமார் 118 கி.மீ நீளமுள்ள இந்தச் சாலையை 2023 மார்ச் 12 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தார். அடுத்த சில மாதங்களில் விபத்து மரணங்கள் பெரிய விவாதமாயின. 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ போன்றவற்றுக்கு அதன் பிரதானப் பாதையில் தடை வந்தது. 100 கி.மீ வேக வரம்பைக் கண்காணிக்கக் கேமராக்கள் வந்தன. 2024 ஆகஸ்ட் 1 முதல், 130 கி.மீ வேகத்தைத் தாண்டினால் அபராதத்தோடு விட மாட்டோம், வழக்கே பதிவு செய்வோம் என்று கர்நாடக போலீஸ் அறிவித்தது.

ஒரே பயணம், எத்தனை போலீஸ்?

சிக்கலின் முதல் முடிச்சு இங்கேதான். பெங்களூருவிலிருந்து ஊட்டி போகும் ஒரே பயணத்தில் பெங்களூரு நகரம், ராமநகரா பகுதி, மாண்டியா, மைசூரு, சாமராஜநகர் என்று பல போலீஸ் எல்லைகளைக் கடக்கிறீர்கள். குண்டலுபேட்டையை இன்னும் பலர் மைசூரு மாவட்டம் என்றே நினைக்கிறார்கள். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோதே அது அங்கே போய்விட்டது. கெக்கனஹல்லா தாண்டினால் நீலகிரி, அதாவது தமிழ்நாடு போலீஸ்.

காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கினால் அது வேறு கணக்கு. அங்கே வனத்துறை தனியாக அபராதம் போடும். 2025 ஆகஸ்டில் பந்திப்பூரில் யானையைப் படம் எடுக்க இறங்கித் துரத்தப்பட்டு, நூலிழையில் தப்பிய ஒருவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கும் போக்குவரத்து சலானுக்கும் சம்பந்தமில்லை.

அதனால் எஸ்எம்எஸ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல. சலானைப் போட்டது யார் என்பதை. பணம் எங்காவது சிக்கினால் நீங்கள் போய் நிற்க வேண்டிய கதவு அதுதான்.

எங்கே கட்டுவது?

கர்நாடக சலானுக்குப் பல வழிகள் உள்ளன: மாநில போலீஸின் இணையப் பக்கம், பெங்களூரு போக்குவரத்து போலீஸின் 'அஸ்த்ரம்' செயலி, பெங்களூரு ஒன், கர்நாடகா ஒன் மையங்கள், பக்கத்து டிராஃபிக் ஸ்டேஷன். நாடு முழுவதற்குமான பரிவாஹன் இ-சலான் தளமும் இருக்கிறது. கட்டாமல் விட்ட சலான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால், அதை மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் தேட வேண்டும்.

வழி நிறைய இருப்பது வசதி. ஆனால் ஓரிடத்தில் கட்டியது மற்ற இடங்களில் உடனே தெரிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். போலீஸ் பக்கத்தில் கட்டிவிட்டுப் பரிவாஹனில் பார்த்தால் 'நிலுவை' என்று காட்டலாம். எந்தப் பக்கத்தில் கட்டினீர்களோ, அந்தப் பக்கத்தில்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். ரசீதும் அங்கிருந்தே கிடைக்கும்.

பணம் போய்விட்டது, சலான் மூடவில்லை. அடுத்து?

முதல் விதி: உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். கன்னடத்தில் அபராதத்துக்கு 'தண்ட' என்பார்கள். தமிழில் தண்டம் என்றால் வீண் செலவு. பதற்றத்தில் இரண்டு முறை கட்டுபவருக்கு இரண்டு மொழியும் பொருந்திவிடும்.

அடுத்து, பணம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வங்கியிலிருந்து கிளம்பும் பணம், பணப்பரிமாற்ற நிறுவனம் வழியாகப் போலீஸின் கணக்குக்குப் போக வேண்டும். போன தகவல் சலான் மென்பொருளில் பதிவாக வேண்டும். இதில் எங்கே அறுந்தாலும் உங்கள் திரையில் தெரிவது ஒரே காட்சிதான்: பணம் இல்லை, சலான் இருக்கிறது. ஆனால் தீர்வு ஒன்றல்ல.

யுபிஐ செயலியைத் திறந்து அந்தப் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், இனி எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

*'தோல்வி' அல்லது 'செயல்பாட்டில்' என்று இருந்தால்:* இது வங்கித் தரப்புச் சிக்கல். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. வணிகருக்கோ நிறுவனத்துக்கோ யுபிஐ-யில் கட்டி, கணக்கில் பணம் கழிந்து, பெறுபவருக்கு உறுதித் தகவல் போகாவிட்டால், 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். இணையத்தில் கார்டு மூலம் கட்டினாலும் இதே கணக்குதான். அதற்கு மேல் தாமதமானால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நீங்கள் கேட்காமலேயே வங்கி அதைத் தர வேண்டும்.

உதாரணமாக, 10-ம் தேதி பணம் கழிந்தது என்றால் 15-ம் தேதிக்குள் திரும்ப வேண்டும். 18-ம் தேதிதான் வந்தது என்றால் 3 நாள் தாமதம், 300 ரூபாய் இழப்பீடு. இது வேலை நாள் கணக்கல்ல, காலண்டர் நாள் கணக்கு. ஞாயிறும் சேரும்.

*'வெற்றி' என்று இருந்தால்:* இது வேறு கதை. வங்கியைப் பொறுத்தவரை பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே எத்தனை முறை போன் செய்தாலும் "சார், டிரான்சாக்‌ஷன் சக்சஸ்" என்றுதான் பதில் வரும். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அறுந்திருப்பது சலான் மென்பொருளின் பக்கத்தில். இங்கே நீங்கள் கேட்க வேண்டியது பணத்தை அல்ல. உங்கள் பணத்தைச் சலானில் வரவு வைக்கச் சொல்ல வேண்டும்.

ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். கணக்குகளை ஒத்துப்பார்க்கும்போது பல சமயம் தானாகவே மூடிவிடும். மூடவில்லை என்றால், கட்டிய தளத்தில் நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் சலான் எண், வண்டி எண், 12 இலக்கக் குறிப்பு எண், தேதி, தொகை, வங்கி அறிக்கையின் அந்த ஒரு வரி ஆகியவற்றோடு, சலானைப் போட்ட போலீஸ் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பரிவாஹனில் கட்டியிருந்தால் அந்தத் தளத்தின் புகார்ப் பகுதியிலும் பதியலாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, வங்கி அறிக்கையும் வேண்டும்.

இரண்டு முறை கட்டிவிட்டேன். இல்லை, வேறு வண்டிக்குக் கட்டிவிட்டேன்!

இரண்டு கட்டணமும் 'வெற்றி' என்றால் வங்கி திருப்பித் தராது. தர வேண்டியது துறை. அரசுக் கணக்குக்குள் போன பணம் வெளியே வர உத்தரவு தேவை, அதனால் நேரம் பிடிக்கும். ஒரே சலான் எண்ணுக்கு எதிராக இரண்டு குறிப்பு எண்களைக் காட்டி விண்ணப்பம் கொடுங்கள். ரத்து செய்த காசோலை அல்லது கணக்கு விவரத்தை இணையுங்கள். பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள்.

வண்டி எண்ணில் ஒரு எழுத்து மாறி, முன்பின் தெரியாதவரின் சலானைக் கட்டிவிடுவதும் நடக்கிறது. இது எல்லாவற்றிலும் கடினம். அந்தச் சலான் சரியாகவே மூடப்பட்டுவிட்டதால் மென்பொருளுக்குப் பிழையே தெரியாது. விண்ணப்பிக்கலாம், ஆனால் பணம் திரும்பும் என்று எண்ணி உங்கள் சொந்தச் சலானைக் கட்டாமல் வைத்திருக்காதீர்கள். இதைத் தவிர்க்க எளிய வழி, வண்டி எண்ணுக்குப் பதில் சலான் எண்ணைக் கொடுத்துத் தேடுவது. கட்டும் முன் படத்தைத் திறந்து, அது உங்கள் வண்டிதானா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பதிலே வராவிட்டால்? கர்நாடக அரசின் 'ஜனஸ்பந்தனா' குறைதீர் அமைப்பில் 1902 என்ற எண்ணில் புகார் பதியலாம். இன்னொரு நல்ல ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "ஏன் தரவில்லை?" என்று கேட்காமல், "இந்தச் சலான் எண்ணுக்கு எதிராக எந்தெந்தத் தேதிகளில் எவ்வளவு தொகை வரவாகியுள்ளது?" என்று கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வரும் பதிலே உங்களுக்கு ஆதாரமாகிவிடும்.

வங்கித் தரப்பில் பிழை என்றால், முதலில் வங்கியில் எழுத்துப் புகார். 30 நாட்களில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. இதற்குக் கட்டணம் கிடையாது.

பணம் போய்ச் சேர்ந்ததே திருடனிடம் என்றால்?

'உங்கள் வண்டிக்குச் சலான் வந்துள்ளது, விவரம் பார்க்க இதை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு வரும். பெயரும் அரசுச் செயலியைப் போலவே இருக்கும். திறந்தால், உங்கள் எஸ்எம்எஸ்களைப் படிக்கும் அனுமதியைக் கேட்டு, ஓடிபி-யை அப்படியே எடுத்துக்கொள்ளும். 1,000 ரூபாய் அபராதம் என்று நினைத்துத் தொட்டவர் மொத்தக் கணக்கையும் இழக்கலாம்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாமல், தளத்துக்கு நீங்களே நேராகப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடியும். அந்த எழுத்துகள் முகவரியின் நடுவில் எங்கோ வந்தால் அது கணக்கில் இல்லை.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு உட்கார நேரமில்லை. 1930-க்கு அழையுங்கள், அப்படியே வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு கிடையாது. ஓடிபி-யை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் நிமிடம் வரை போனது உங்கள் பொறுப்பு. சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. அந்த நிமிடம் முக்கியம்.

நான் அந்தப் பக்கமே போகவில்லையே?

சில நேரம் வழிதவறி வருவது சலானே. படத்தில் வேறு வண்டி இருக்கலாம். போலி நம்பர் பிளேட்டாக இருக்கலாம். அப்படியானால் கட்டாதீர்கள். ஆன்லைனில் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். உங்கள் வண்டியின் படம், ஆர்சி நகல், அன்றைய ஃபாஸ்டேக் கணக்கு ஆகியவற்றோடு சலானைப் போட்ட பிரிவுக்கு எழுதுங்கள். மைசூருவிலிருந்து குண்டலுபேட்டை போகிறவர் கடகொளா டோலைக் கடக்க வேண்டும். பெங்களூரு–மைசூரு சாலை என்றால் கணிமினிகே, கணங்கூரு. அந்த நேரத்தில் உங்கள் ஃபாஸ்டேக் ஒசூரில் கழிந்திருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஏற்கவில்லை என்றால் நீதிமன்றம். மெய்நிகர் நீதிமன்றத் தளத்திலேயே 'அபராதம் கட்டுகிறேன்', 'வழக்கை எதிர்கொள்கிறேன்' என்று இரண்டு தெரிவுகள் உண்டு.

விற்ற வண்டிக்குச் சலான் வந்தால்? ஆர்சி-யில் பெயர் மாறாதவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். வண்டியைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று விடாமல், 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். பரிவாஹனில் பழைய சிம் எண் இருந்தால் அதையும் மாற்றுங்கள். எஸ்எம்எஸ் வராததால் சலானே தெரியாமல் போய், நீதிமன்றம் வரை நீண்ட பிறகு தெரியவருவது கொடுமை.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

'தள்ளுபடி வரும், அப்போ பார்த்துக்கலாம்' என்பது கர்நாடகத்தில் பரவலான நம்பிக்கை. காரணம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் 50 சதவீதத் தள்ளுபடி அறிவித்தபோது பெங்களூருவில் மட்டும் சில நாட்களில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. 2025 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரை மறுபடியும் அதே தள்ளுபடி வந்தது. ஆனால் எப்போது வரும், எந்தச் சலானுக்குப் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அப்படி வரும்போது கடைசி நாள் இரவு கட்டக் காத்திருக்காதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும்போதுதான் பணம் பாதியில் நிற்கும்.

வேலை மாறி சென்னைக்கோ கோவைக்கோ திரும்புகிறவர்களுக்கு இதில் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. கேஏ பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற என்ஓசி வேண்டும். நிலுவைச் சலான் இருந்தால் அது இழுத்தடிக்கும். ஆயிரம் ரூபாய்க்காக வண்டி விற்பனையே நின்றுபோகலாம். நீங்கள் கட்டிவிட்டதாக நினைத்து மறந்த சலானுக்கும் இது பொருந்தும். அதனால்தான் 'வெற்றி' என்று வந்த பிறகும் ஒரு வாரம் கழித்து ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்கிறோம்.

சுருக்கமாக

- சலானைப் போட்டது யார் என்று பாருங்கள். படத்தைத் திறந்து வண்டியை உறுதி செய்யுங்கள்.
- லிங்க் வழியாகப் போகாமல், தளத்துக்கு நேராகப் போய்க் கட்டுங்கள். ரசீதை இறக்கி வையுங்கள்.
- பணம் கழிந்து சலான் மூடாவிட்டால் மறுபடி கட்டாதீர்கள். 12 இலக்க எண்ணை எடுத்து நிலையைப் பாருங்கள்.
- 'தோல்வி' என்றால் வங்கி, 5 நாள் கெடு. 'வெற்றி' என்றால் போலீஸ் பிரிவு, எழுத்துப் புகார்.
- மோசடி என்றால் உடனே 1930.
- ஒரு வாரம் கழித்து, கட்டிய தளத்திலும் பரிவாஹனிலும் மறுபடி பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. மைசூருவிலிருந்து குண்டலுபேட்டை சுமார் 60 கி.மீ. 70 கி.மீ வேகத்தில் போனால் 51 நிமிடம், 90-ல் போனால் 40 நிமிடம். மிச்சமாவது 11 நிமிடம். அதைப் பிடிக்கப் போய் அபராதம், அலைச்சல், வங்கிக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதும் கடிதங்கள். அதுவும் எல்லாம் நல்லபடியாக முடிந்தால்தான். நேரமாகிவிட்டது என்றால் குண்டலுபேட்டையிலேயே ஒரு ரூம் போடுங்கள். காலை 6 மணிக்குக் கேட் திறக்கும். அந்த நேரத்துப் பனியில் சாலையோரம் மான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகப் போகலாம்.